அரை அங்குலத் தளர்ச்சி

காலை நிறுத்தினால் சக்கரமும் நின்றாக வேண்டும், சக்கரம் ஓடினால் காலும் ஓடியாக வேண்டும் என்கிற நிர்ப்பந்தத்தோடு செய்யப்பட்ட சைக்கிள் ஒன்று உண்டு. நம் தெருக்களில் அநேகமாகப் பார்த்திருக்கமாட்டோம். ஆனால் நம்மில் பலர் முதலில் ஓட்டியது அந்த வகையைத்தான். குழந்தைகளின் மூன்றுசக்கர வண்டியில் பெடல் முன்சக்கரத்தோடேயே பிணைந்திருக்கும். சரிவில் வண்டி பிய்த்துக்கொண்டு ஓடும்போது குழந்தை இரண்டு கால்களையும் தூக்கி அகட்டி வைத்துக்கொள்ளும். பெடல்கள் கீழே தம்பாட்டுக்கு வெறிபிடித்துச் சுற்றும். பிறகு பெரிய சைக்கிளுக்குப் போகிறோம். அங்கே பின்சக்கரத்தின் பிரீவீல் டிக் டிக்கென்று ஒலித்துக்கொண்டு, கால் சும்மா இருக்க வண்டி ஓடுவதற்கு அனுமதிக்கிறது. இந்தச் சலுகையை நாம் சைக்கிளின் இயல்பு என்றே நினைத்துவிட்டோம்.

சலுகை இல்லாத பெரிய சைக்கிளுக்கு ஃபிக்ஸட் கியர் என்று பெயர். பந்தயத்தளங்களில் இன்றும் அதுதான். எடி மெர்க்ஸ் 1972இல் மெக்ஸிகோ நகரத்தில் ஒரு மணி நேரத்தில் 49.431 கிலோமீட்டர் ஓட்டியது இதில். ஜப்பானில் 1948இல் கோக்குராவில் தொடங்கி, சூதாட்டப் பணத்தில் தழைத்த கேய்ரின் பந்தயங்களும் இதில்தான். அந்த வண்டிகளில் பிரேக் கிடையாது. டூர் டி பிரான்ஸ் பந்தயம் கியர் மாற்றும் கருவியை 1937இல்தான் அனுமதித்தது. அதுவரை மலையடிவாரத்தில் இறங்கி, பின்சக்கரத்தைக் கழற்றி, மறுபக்கத்துப் பல்சக்கரம் செயினில் வருமாறு திருப்பி மாட்டிக்கொண்டு ஏறினார்கள். திருப்பி மாட்டும் ஒவ்வொரு தடவையும் செயினின் இறுக்கத்தைப் புதிதாகத் தீர்மானிக்க வேண்டியிருந்திருக்கும், குளிரில் மரத்துப்போன விரல்களால். இந்தக் கட்டுரை அந்தத் தீர்மானத்தைப் பற்றியது.

முதலில் ஒரு யந்திர விஷயம். பிரீவீல் உள்ள சாதா வண்டியில் செயினின் மேல்பாதிதான் உழைக்கிறது. கால் மிதிக்கும்போது அது விறைக்கும். கீழ்ப்பாதி எப்போதும் சும்மா தொங்கிக்கொண்டு திரும்பி வருகிற வெற்று வழி. எனவேதான் கியர் சைக்கிள்களில் கீழ்ப்பாதியில் ஒரு ஸ்பிரிங் கையை வைத்து, உபரித் தளர்ச்சியை அது இழுத்துக்கொள்ளும்படி விடமுடிகிறது. ஃபிக்ஸட் கியரில் இது நடக்காது. வேகத்தைக் குறைக்கக் காலால் எதிர்த்துப் பிடிக்கிறபோது பாரம் முழுவதும் கீழ்ப்பாதிக்கு வந்துவிடும், மேல்பாதி தொய்யும். ஸ்பிரிங்கை வைத்தால் அந்த இழுப்பில் அது நசுங்கிப்போகும். உழைப்பவன், ஓய்வெடுப்பவன் என்ற நிரந்தரப் பிரிவினை அங்கே இல்லை. இரண்டு பாதிகளும் முறைவைத்து இரண்டுமாக இருக்கின்றன. ஆகவே தளர்ச்சியை வேறு யாரிடமும் ஒப்படைக்க முடியாது. பின்சக்கரத்தையே முன்னும் பின்னும் நகர்த்தித்தான் சரிசெய்ய வேண்டும்.

செயினில் கண்ணிகளைக் குறைத்துச் சரிசெய்துவிடக் கூடாதா என்று கேட்கலாம். கண்ணிக்குக் கண்ணி அரை அங்குலம். உள்கண்ணியும் வெளிக்கண்ணியும் ஜோடியாகத்தான் வரும் என்பதால் சாதாரணமாக ஒரு அங்குலம் ஒரு அங்குலமாகத்தான் குறைக்க முடியும். ஒரு அங்குலத்தை எடுத்தால் அச்சு சுமார் அரை அங்குலம் முன்னால் வரும். பல்சக்கரத்தில் ஒரு பல்லைக் கூட்டினால் ஏறக்குறைய மூன்று மில்லிமீட்டர். எண்ணிக்கையால் இவ்வளவு தூரம்தான் வரமுடியும். அதற்கு மேல் எஞ்சுகிற தூரத்தில் எண்கள் இல்லை. அச்சு உட்காரும் அந்த நீண்ட பிளவில் ஒரு மயிரிழை முன்னே, ஒரு மயிரிழை பின்னே என்று கைதான் தேட வேண்டும். நீதிநூல்கள் எல்லாம் கண்ணிகளை எண்ணிக் கொடுப்பவை என்றே எனக்குத் தோன்றுகிறது. பிளவைப் பற்றி அவற்றில் ஒன்றுமில்லை, இருக்கவும் முடியாது.

கை தேடுகிற விதம் பார்க்க அழகானது. இரண்டு நட்டுகளையும் லேசாகப் பிடிக்க வைத்துவிட்டு, இடது நட்டைத் தளர்த்தி, ரிம்மின் முன்பக்கத்தை இடப்புறமாகத் தள்ளினால் அச்சின் இடது முனை சற்றுப் பின்னே போகும். அதை முடுக்கிவிட்டு வலது நட்டைத் தளர்த்தி, ரிம்மை நடுவுக்குக் கொண்டுவந்தால் வலது முனையும் பின்னே போகும். பீரோவை மூலைக்கு மூலை பெயர்த்து நகர்த்துவோமே, அதைப்போல. சக்கரம் நடந்து நடந்து பின்னால் போகிறது. ஒரே இழுப்பில் இழுத்து முடுக்கினால் அது ஒருநாளும் நேராக நிற்காது. நட்டு சரியாக இறுகாமல் போனால் அதன் விளைவும் தெரிந்ததே: மேட்டில் எழுந்து நின்று மிதிக்கிறபோது செயின் வலது முனையை முன்னால் இழுத்துவிடும், டயர் இடப்பக்கக் குழாயில் உராயும். எங்கள் ஊர் வாடகை சைக்கிள்களில் பாதி, இடப்பக்கக் குழாயில் அந்தத் தழும்போடுதான் இருந்தன.

எங்கள் ஊர் என்றேன். என் மாமா தஞ்சை ஜில்லாவில் வாடகை சைக்கிள் கடை வைத்திருந்தார். லீவு நாட்களில் நான் அங்கே எடுபிடி. பங்க்சர் ஒட்டுவது, கோட்டம் எடுப்பது, பால்ரஸ் கழுவுவது எல்லாம் அவரிடம் கற்றதுதான். செயின் விஷயத்தில் அவருக்கு ஒரே விதி. நடுவில் விரலை வைத்து அமுக்கினால் அரை அங்குலம் ஆடவேண்டும். "செயினுக்கு மூச்சுவிட எடம் குடுடா மாப்ளே. இறுக்கிக் கட்டுனா அதுவும் செத்துப்போகும், பால்ரஸையும் தின்னுப்புடும்." இதைவிடத் தெளிவாக யந்திரத்தைப் பற்றி யாரும் எனக்குச் சொன்னதில்லை. மனிதர்களோடு பழகுவதற்கும் நான் இதைத்தான் விதியாகக் கொண்டிருந்தேன் என்று பின்னால் புரிந்தது. யாரையும் இறுக்குவதில்லை என்பதில் எனக்குக் கொஞ்சம் கர்வம்கூட உண்டு.

2012இல் நான் லண்டனில் வேலையாக இருந்தேன். அறையைப் பகிர்ந்துகொண்ட நண்பன் என்னைவிட எட்டு வயது சின்னவன், கோயம்புத்தூர்ப் பக்கம். அவன் யாரிடமோ ஒரு பழைய ஃபிக்ஸட் கியரை மலிவாக வாங்கி வந்தான். முன்பிரேக் இருந்தது. செயின் விறைத்துப்போய், பெடலைச் சுற்றினால் ஒரு இடத்தில் உறுமியது. "அண்ணே, நீங்க பாருங்க, உங்க மாமா கடைக்காரராச்சே" என்றான். எனக்கும் ஆசைதான். பல வருஷங்களுக்குப் பிறகு விரலில் கிரீஸ். அச்சை முன்னால் நகர்த்தினேன். விரலை வைத்து அமுக்கினேன். மாமாவின் அரை அங்குலம் துல்லியமாக வந்தது. நட்டை முடுக்கிக் கையைத் துடைத்துக்கொண்டேன்.

ஐந்தாம் நாள், டாக் கென்னல் ஹில் என்கிற சரிவில் இறங்கும்போது அவன் காலால் எதிர்த்து வேகத்தைப் பிடித்திருக்கிறான். மேல்பாதி தொய்ந்து, செயின் கழன்று, சக்கரத்துக்கும் பல்லுக்கும் நடுவே சிக்கிக்கொண்டது. பிரீவீல் வண்டியில் செயின் கழன்றால் கால் வெறுமனே சுற்றும், அவமானம் அவ்வளவுதான். இதில் பின்சக்கரம் அப்படியே பூட்டிக்கொண்டது. தோளெலும்பு முறிவு. பின்னால் வந்துகொண்டிருந்த பஸ் நின்றுவிட்டது. நிற்காமலும் போயிருக்கலாம்.

அன்றிரவு வண்டியைத் தலைகீழாக நிறுத்தி வைத்துவிட்டு, செயினைத் திரும்ப மாட்டி, பெடலை மெதுவாக ஒரு முழுச்சுற்று சுற்றிப்பார்த்தேன். முதலிலேயே செய்திருக்க வேண்டியது அது. நான் விரல் வைத்துப் பார்த்த அதே இடத்தில் அரை அங்குலம். கால்சுற்று போனதும் முக்கால் அங்குலம். எதிர்ப்பக்கத்தில் ஒரு அங்குலத்துக்கும் மேல் தொங்கியது. முன்பக்கத்துச் செயின் வீல் தன் மையத்திலேயே இல்லை. நம் கண்ணுக்கு வட்டம். உண்மையில் அது சற்றே ஒதுங்கிச் சுற்றுகிறது. எல்லாச் செயின் வீல்களுமே கொஞ்சம் அப்படித்தான். ஆகவே ஒரு சுற்றுக்குள்ளேயே இறுக்கம் ஏறி இறங்குகிறது. நான் பார்த்தது ஒரு கணத்தை. மொத்தச் சுற்றுக்கும் அதை நீட்டிக்கொண்டேன்.

இந்த இடத்தில் யாராவது வீணையைக் கொண்டுவருவார்கள். தந்தி அதிகம் இறுகாமலும் அதிகம் தளராமலும் இருந்தால்தான் இசை என்று புத்தர் ஸோணனுக்குச் சொன்னது. நல்ல உவமைதான், கேட்டவன் நல்ல வீணைக்காரன் என்பதால் அவனுக்குப் பலித்தது. ஆனால் தந்தி ஒருமுறை சுருதி சேர்த்தால் அந்தச் சுருதியிலேயே நிற்கும், கொஞ்ச நேரமாவது. செயின் அப்படி நிற்பதில்லை. ஒவ்வொரு மிதிக்கும் அதன் சுருதி மாறுகிறது. அரிஸ்டாட்டில் இன்னும் சற்று ஜாக்கிரதைக்காரர். பத்து அதிகம், இரண்டு குறைவு என்றால் ஆறுதான் சரி என்று கணக்குப் போடாதீர்கள், மல்லன் மைலோவுக்குப் போதாதது புதிதாகப் பயில வந்தவனுக்கு அதிகமாக இருக்கும் என்கிறார். நடு என்பது ஆளுக்கு ஆள் வேறு. சரி. ஆனால் ஒரே ஆளுக்குள், ஒரே சுற்றுக்குள், ஒரு பக்கம் மூச்சு முட்டி மறுபக்கம் தொங்குகிறபோது நடு எது? முக்கால் அங்குலம் என்று சராசரி எடுத்தால் இங்கே உறுமுகிறது, அங்கே கழல்கிறது. இறுக்கமான இடத்துக்கு ஏற்றுத் தளர்த்தினால் தளர்ந்த இடம் கொல்கிறது. தளர்ந்த இடத்துக்கு ஏற்று இறுக்கினால் வண்டி நகராது. எந்த அளவும் சரியில்லை என்கிற நிலைமை நிஜமாகவே இருக்கிறது. நடுவழி பேசுகிறவர்கள், பொருள் தன் மையத்தில் சுற்றுகிறது என்பதை நிரூபிக்காமலே எடுத்துக்கொண்டுவிடுகிறார்கள். (நம் விமர்சனத்தில் 'சமநிலை' என்று கொண்டாடப்படுவதும் பல சமயம் இதுதான். கோணிப்போன ஒரு படைப்புக்கு முக்கால் அங்குலத்தில் ஒரு மதிப்புரை.)

மையம் விலகியிருந்தால் அச்சை எத்தனை நகர்த்தியும் பிரயோசனமில்லை. முன்னால் போக வேண்டும். செயின் வீலைக் கிராங்கோடு பிணைக்கும் போல்ட்டுகளை, ஐந்தானால் ஐந்தையும், லேசாகத் தளர்த்திவிட்டுப் பெடலைச் சுற்றி, மிக இறுக்கமான இடத்தைக் கண்டுபிடித்து, அங்கே செயினைச் சின்னதாக ஒரு தட்டு. செயின் வீல் தன் மையத்தை நோக்கித் துளி நகரும். மறுபடி சுற்று, மறுபடி இறுக்கமான இடம், மறுபடி தட்டு. முழுச்சுற்றும் கூடியவரை ஒரேமாதிரி ஆனபின், போல்ட்டுகளை முடுக்கிவிட்டு, அதற்கப்புறம்தான் பின்சக்கரம். மாசசூசெட்ஸில் ஒரு சைக்கிள் கடையில் வேலைபார்த்த ஷெல்டன் பிரவுன் (1944–2008) இதைப் பொறுமையாக எழுதிவைத்துவிட்டுப் போயிருக்கிறார். அவர் குறிப்புகளை நான் படித்தது விபத்துக்குப் பிறகு. அதற்கு முன்னால் படிக்க வேண்டுமென்று தோன்றவில்லை, எனக்குத்தான் தெரியுமே.

என்னை அரிப்பது இந்தக் கடைசி வாக்கியம்தான். எனக்குத் தெரியாமல் செய்தேன் என்று சொல்லித் தப்பித்துக்கொள்ள முடியவில்லை. தெரியும் என்பதால் செய்தேன். மாமாவின் அரை அங்குலம் பொய்யல்ல. கீழ்ப்பாதி சும்மா தொங்குகிற வண்டிக்கு அது முழு உண்மை. மிதிக்கிறபோது மட்டுமே பாரம், அதுவும் மேல்பாதியில் மட்டுமே என்கிற உலகத்தில் பிறந்த விதி. தன் விதிக்குக் காரணம் அதுதான் என்று மாமா சொன்னதில்லை. சொல்லவேண்டிய அவசியம் அவருக்கு வந்ததில்லை. ஏனென்றால் அவர் கடைக்கு வேறு உலகத்து வண்டி வந்ததேயில்லை. அவரிடமிருந்து நான் பெற்றது முடிவை, காரணத்தை அல்ல. மரபு என்று இங்கே அடித்துக்கொள்கிறவர்களில் இரண்டு கட்சியும் இதைக் கவனிப்பதாகத் தெரியவில்லை. ஒரு கட்சிக்கு விதி புனிதம், மற்றதற்கு விதி குப்பை. விதி எந்தப் பாரத்துக்குப் பதிலாகப் பிறந்தது என்று கேட்பதற்கு ஆளில்லை. நானும் கேட்கவில்லை. கேட்டிருந்தால், காலால் எதிர்த்துப் பிடிக்கிற வண்டியில் கீழ்ப்பாதியும் விறைக்குமே, அப்போது மேல்பாதி எங்கே போகும் என்ற கேள்வி ஒரு நிமிஷத்தில் வந்திருக்கும். அந்த ஒரு நிமிஷத்தை நான் செலவழிக்காததற்குக் காரணம் சோம்பல் அல்ல. ஊரை விட்டு வந்தவனுக்குத் தன் ஊர் ஞானம் செல்லுபடியாகிற சந்தர்ப்பம் அபூர்வம். அதைக் கேள்வி கேட்டுக் கெடுத்துக்கொள்ள மனசு வரவில்லை. நண்பனுடைய தோளெலும்பைக் காட்டிலும் என் மாமாவின் கடை எனக்கு அந்தக் கணத்தில் பெரிதாக இருந்தது என்று சொன்னால் மிகையாகத் தோன்றலாம். நான் அப்படித்தான் கணக்குப் பார்க்கிறேன்.

சட்டம் இதை வேறுமாதிரி பார்க்கும். பிரிட்டனின் 1983ஆம் வருஷத்துச் சைக்கிள் விதிகளின்படி ஃபிக்ஸட் சக்கரமே ஒரு பிரேக். ஆனாலும் தெருவில் ஓட்ட முன்பிரேக் ஒன்று வேண்டும். 2016 பிப்ரவரியில் லண்டன் தெரு ஒன்றில், முன்பிரேக் இல்லாத பந்தய ஃபிக்ஸட் கியரில் போன பதினெட்டு வயசுப் பையன், தெருவைக் கடந்துகொண்டிருந்த நாற்பத்துநாலு வயதுப் பெண்மேல் மோதினான். ஒரு வாரத்தில் அந்த அம்மாள் இறந்துபோனார். 2017இல், கொலையாகாத மரணம் விளைவித்த குற்றத்திலிருந்து அவனை விடுவித்து, குதிரைவண்டிக் காலத்து 1861ஆம் வருஷச் சட்டத்தின் கீழ், கண்மூடித்தனமாக ஓட்டி உடற்காயம் விளைவித்ததாகப் பதினெட்டு மாதம் தண்டித்தார்கள். சட்டத்தால் பிரேக் இருந்ததா இல்லையா என்று எண்ண முடிகிறது. அது கண்ணி. பிரேக்காகவும் இருக்கிற செயினை ஒருவன் எவ்வளவு தளர்த்திக் கொடுத்தான் என்பதைப் பிளவுக்குள் போய்ப் பார்க்கச் சட்டத்துக்கு வழியில்லை. என் காரியத்தைப் பற்றி யாரும் என்னைக் கேட்கவில்லை. கேட்கவும் மாட்டார்கள்.

நண்பனும் கேட்கவில்லை. தோளைக் கட்டிக்கொண்டு படுத்திருந்தவன், "பழைய வண்டிண்ணே, யார் கை வெச்சிருந்தாலும் இப்படித்தான் ஆயிருக்கும்" என்றான். எனக்காகச் சொன்ன பொய் அது என்று அவனுக்கும் தெரியும். எனக்குத் தளர்ச்சி கொடுத்தான். அதைப் பெற்றுக்கொண்டபோது என் பழைய கர்வம் ஞாபகம் வந்தது. யாரையும் இறுக்குவதில்லை என்று நான் எல்லோருக்கும் ஒரே அளவில் விட்டுவைத்திருந்த அரை அங்குலம். யாருடைய சுற்றையும் முழுதாக ஒருதரம் சுற்றிப்பார்த்துக் கொடுத்ததல்ல அது. சிலருக்கு அது மூச்சாக இருந்திருக்கும். என்மீது பாரத்தைத் திருப்பி வைக்க நேர்ந்தவர்களுக்கு, எதிர்த்துப் பிடித்து நிற்க வேண்டிய நேரத்தில், பிடிமானமில்லாமல் கழன்றிருக்கும். அவர்களில் இரண்டு பேரை என்னால் பெயர் சொல்ல முடியும். சொல்லப்போவதில்லை.

மாமாவிடம் இதைச் சொன்னேன். கடையை மூடி வெகுநாள் ஆகியிருந்தது. திண்ணையில் உட்கார்ந்துகொண்டு முழுதாகக் கேட்டார். காலை நிறுத்தினால் சக்கரம் நிற்கிற வண்டி என்றதும், "அப்ப சர்க்கஸ்காரன் வண்டி" என்றார். பிறகு வெகுநேரம் சும்மா இருந்துவிட்டு, "நீ அதை எனக்குச் சொல்லலியேடா" என்றார். நான் அவரிடம் கேட்டிருக்க வேண்டும் என்கிறாரா, அல்லது தன் விதியில் ஒரு ஓட்டை இருந்தது தனக்கே தெரியாமல் போயிற்றே என்கிறாரா என்று விளங்கவில்லை. அவர் வலதுகை விரல் ஒன்று, திண்ணை விளிம்பில், எதையோ அமுக்கிப்பார்ப்பதுபோல் அசைந்துகொண்டிருந்தது.

நண்பன் இப்போது கோயம்புத்தூரில். போன மாதம் ஃபோன் பண்ணினான். பெண்ணுக்கு சைக்கிள் வாங்கியிருக்கிறானாம், செயின் கழன்று கழன்று வருகிறதாம், எவ்வளவு தளர்ச்சி வைக்க வேண்டும் என்று கேட்டான். எனக்கு வாய் வரவில்லை. பிரீவீலா என்று கேட்டேன். ஆமாம் என்றான். பெடலைக் கையால் மெதுவாக ஒரு முழுச்சுற்று சுற்றிக்கொண்டே பார், எந்த இடத்தில் அதிகம் விறைக்கிறது, எங்கே தொங்குகிறது, சொல் என்றேன். ஃபோனைக் கீழே வைத்துவிட்டுச் சுற்றினான். பிரீவீல் ஒலி கேட்டது. பின்னால் அந்தப் பெண், "அப்பா, சீக்கிரம்" என்கிறாள்.